காலிமுகத்திடலில் ஒரு மாலை

கொழும்பு என்றதும் உங்கள் மனதில் முதலில் வருவது என்ன என்று எமது பெண்கள் குழுக் கூட்டமொன்றில் ஒருமுறை கேட்டேன். “நாலாம் மாடி” என்றார் ஒருவர். “மகசின் சிறை” என்றார் இன்னொருவர். பிறகு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி, பாஸ்போட் கந்தோர், செஞ்சிலுவைச் சங்கம், வெள்ளவத்தை லொட்ஜ் என்று ஒவ்வொன்றாக வந்தன. கொழும்புக்கு ஒருமுறையேனும் போய் வந்தவர்கள்தான் அங்கு அதிகம். ஆனால் கடல் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். கொழும்பும் கடற்கரை நகரம்தான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒரு நகரத்தை யார் யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்று அந்தக் கூட்டத்தில் கேட்டது அந்தப் பாடத்தில் இருக்கவில்லை. எங்கள் பெண்களுக்குக் கொழும்பு என்பது வரிசையில் நிற்கும் இடம். கோவையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிடும்வரை காத்திருந்து, இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பிவிடும் இடம்.

2023 ஓகஸ்ட் மாதத்தில் பனையோலைக் கைப்பணிப் பொருட்களின் விற்பனைக் கண்காட்சி ஒன்றிற்காக 14 பெண்களைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு நாள் கண்காட்சி. இரண்டாம் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு முடிந்துவிடும். இரவு பஸ்ஸுக்கு ஒன்பதரை மணி. இடையில் ஐந்தரை மணித்தியாலம். காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போகலாம் என்று தீர்மானித்தேன். வரவு செலவுத் திட்டத்தில் போக்குவரத்து இருந்தது, தங்குமிடம் இருந்தது, உணவு இருந்தது. ‘சும்மா கடற்கரைக்குப் போதல்’ என்று ஒரு தலைப்பு இருக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது, “களப்பயணம் எண்டு போடுங்கோ, பிறகு படத்தோட ஒரு சின்ன அறிக்கை தாங்கோ” என்றார்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். சனம் நிறைந்த பஸ். பஸ் புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் மகேஸ்வரியம்மா என் கையைப் பிடித்து ஒரு ஒழுங்கையைக் காட்டினார். (இதில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.) அவருக்கு வயது 63. “பிள்ளை, உந்த ஒழுங்கைக்குள்ளதான் 2007இல மூண்டு மாதம் இருந்தனான். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வந்தது. லொட்ஜில மூண்டாம் மாடி. யன்னலைத் திறந்தால் கடல். ஒரு நாளும் கீழ இறங்கிக் கடலுக்குப் போகேல்லை. பொலிஸ் பதிவுத் துண்டைப் பிடிச்சுக்கொண்டு அறைக்குள்ளயே இருந்தது” என்றார்.

அந்த வருடம் யூன் மாதம் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் மகேஸ்வரியம்மா வவுனியாவில் இறக்கிவிடப்பட்டிருந்தார். “அண்டைக்கு இந்த ரோட்டால போகேக்க இருட்டு. ஒண்டையும் பார்க்கேல்லை” என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இறங்கும்வரை ஒன்றும் கதைக்கவில்லை.

காலிமுகத்திடலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டல். வடக்கு முனையில் 1930இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடம். அதில் இப்போது ஜனாதிபதி செயலகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுமார் அரைக் கிலோமீற்றர் நீளத்தில் புல்வெளியும், கடலையொட்டி நடைபாதையும். பின்னால் திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்களும் பெரிய கடைத்தொகுதியும் தாமரைக் கோபுரமும் தெரியும். ஓகஸ்ட் மாதம் தென்மேற்குக் காற்றுக் காலம் ஆகையால் வானம் நிறையப் பட்டங்கள். கடலும் சும்மா இருக்கவில்லை. அலை வந்து சுவரில் மோதி மேலே எழும்பி நடைபாதையில் நிற்பவர்களை நனைத்துவிட்டுப் போனது. நனைகிறவர்கள் கூச்சலிட்டு ஓடுவதும், ஓடியவர்கள் திரும்ப அதே இடத்திற்கு வந்து நிற்பதுமாக இருந்தார்கள்.

14 பெண்களுடன் எங்கு போனாலும் முதலில் தேட வேண்டியது மலசலகூடம். கண்டுபிடிக்க இருபது நிமிடம் சென்றது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பெண்கள் வெளியில் நின்று பொழுதுபோக்குவதில்லை என்று சொல்கிறவர்கள் இதை ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை.

நடைபாதையோரத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது. இந்த நடைபாதையை அமைத்தவர் அந்தக் காலத்து ஆங்கிலேய ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்வதாக அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் அதைத் தமிழில் சொன்னபோது எல்லோரும் கல்லைச் சுற்றி வந்து நின்றார்கள்.

“பெண்களுக்கெண்டோ போட்டிருக்கு?” என்று கேட்டார் சுகந்தி.

“ஓம்.”

“அப்ப அங்க பாருங்கோ மிஸ், எத்தினை ஆம்பிளையள் படுத்திருக்கினம் எண்டு.”

உண்மைதான். புல்லில் கை காலை நீட்டிப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்தான். பெண்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், அல்லது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்த பெண்கள் என்றால் குடைக்குக் கீழே இருந்த இளம் பெண்கள்தான். மழையும் இல்லை, வெயிலும் தணிந்துவிட்டது, ஆனாலும் சுவரோரம் வரிசையாகக் குடைகள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சோடிக் கால்கள். எங்கள் பெண்கள் அதைக் கண்டும் காணாததுபோல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். ஆளுநர் நினைத்த பெண்கள் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள் என்பதையும் நான் விளக்கத்தான் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. குடைகள்தான் வென்றன.

எங்களுடன் வந்தவர்களில் செல்வி அக்கா மட்டும் கடலைப் பார்க்கவில்லை. நடைபாதைக் கட்டில், கடலுக்கு முதுகைக் காட்டி, புல்வெளியைப் பார்த்தபடி இருந்தார். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தன் கையாலேயே கணவரைக் கையளித்தவர் அவர். 2017 முதல் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டப் பந்தலில் அவர் இருக்காத வாரம் குறைவு. ஊரிலும் அவர் கடற்கரைப் பக்கம் போவதில்லை. “நான் இதில இருக்கிறன், நீங்கள் பார்த்திட்டு வாங்கோ” என்றார். உளவளத்துணைப் பயிற்சியில் படித்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. நல்லவேளையாக ஒன்றையும் சொல்லவில்லை.

அவருக்குப் பக்கத்தில் இருந்தபோது எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. 2009 யூன் 3ஆம் திகதி போர் வெற்றி அணிவகுப்பு நடந்தது இந்தத் திடலில்தான். பிறகு சில வருடங்கள் தொடர்ந்தும் இங்கேயே நடந்தது. இதைச் சொல்லாமல் இவர்களை இங்கு கூட்டிவந்தது சரியா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அந்த மாலையையே கெடுத்துவிடுவேனோ என்றும் பயம்.

செல்வி அக்காதான் தொடங்கினார். “தங்கச்சி, இதுதானே டாங்கியள் போன இடம்?”

நான் தலையாட்டினேன்.

“மெனிக் பாம் முகாமால வந்த பிறகு வவுனியாவில ஒரு கடை ரீவியில பார்த்தனான். பின்னுக்குக் கடல் தெரிஞ்சது. ஒரே பச்சையாய்ப் பெரிய இடமாய் இருந்தது. இப்ப பார்த்தால் இவ்வளவுதான் இடம்.”

அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். அவர்கள் சுமந்துகொண்டிருப்பதை அவர்களிடமிருந்தே மறைத்துப் பாதுகாக்கப் பார்ப்போம்.

பிறகு நான் 2022ஐப் பற்றிச் சொன்னேன். ஏப்ரல் 9ஆம் திகதி இதே திடலில் இளைஞர்கள் கூடாரம் அடித்து ‘கோட்டா கோ கம’ என்று ஒரு கிராமத்தையே உருவாக்கியதும், மே 18ஆம் திகதி அங்கேயே முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்ததும், அதில் சிங்கள மக்களும் நின்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மகன் தொலைபேசியில் காட்டினானாம். “கஞ்சி குடிச்சவையாம். நல்லதுதான். உப்பில்லாமல் குடிச்சவையோ தெரியாது” என்றார். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மற்றவர்கள் இதற்கிடையில் வடக்குப் பக்கம் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தப் பக்கத்தில் கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரம் இருக்கிறது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்த வேலை. 2015இல் சிறிது காலம் நின்று, பிறகு தொடர்ந்து, 2019 ஜனவரியில் கடல் நிரப்பும் பகுதி முடிந்தது. கடலுக்கு அடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்து நிரப்பினார்கள். மீன்வளம் அழிகிறது என்று நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் அப்போது தெருவில் இறங்கினார்கள். புதிய நிலத்தின் அளவு 269 ஹெக்டயர்.

“ஏக்கரில சொல்லுங்கோ மிஸ்” என்றார் ராணி.

தொலைபேசியில் கணக்குப் பார்த்தேன். ஏறத்தாழ 665 ஏக்கர்.

“கடலுக்குள்ள 665 ஏக்கர் புதுசாய்ச் செய்யத் தெரியுது. என்ர முக்கால் ஏக்கரை முள்ளுக்கம்பிக்குள்ளால எடுத்துத் தரத் தெரியேல்லை” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராணி சிரிக்கவில்லை. ராணியின் தகப்பனார் மீன்பிடித் தொழில் செய்தவர். மணலை உறிஞ்சினால் கடலடியில் மீன் எங்கே முட்டை இடும் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை சாப்பிடாமல் வரக்கூடாது என்று சொல்வார்கள். சிங்களத்தில் ‘இஸ்ஸோ வடை’. தட்டையான பருப்பு வடையின் மேல் இறாலை முழுதாக வைத்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாய்ச் சம்பலும் போட்டுத் தருவார்கள். நந்திக்கடல் இறால் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த இறாலைக் காட்டியது என் பிழை. “இது இறாலோ, கூனியோ?” என்று ஒருவர். “குடலை எடுக்கேல்லை” என்று இன்னொருவர். ஆனாலும் எல்லோரும் இரண்டு இரண்டு சாப்பிட்டார்கள். சுகந்தி சில வருடங்கள் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் ஆதலால் சிங்களம் நன்றாகக் கதைப்பார். அவர்தான் விலை பேசினார். தள்ளுவண்டிக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சுகந்தி முல்லைத்தீவு என்று சொன்னதும் அவரது கை அப்படியே நின்றது.

அவரது அண்ணன் இராணுவத்தில் இருந்தவராம். 1996இல் முல்லைத்தீவு முகாம் தாக்குதலுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உடலும் வரவில்லை. இதைச் சுகந்தி திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார். அப்போது செல்வி அக்கா எழுந்து வண்டியடிக்கு வந்தார். “அவற்ற அம்மா இருக்கிறாவோ எண்டு கேள்” என்றார்.

சுகந்தி கேட்டுச் சொன்னார்: “போன வருசம் மோசம் போயிட்டாவாம். கடைசிவரைக்கும் ஆளை இறந்ததெண்டு பதிய விடேல்லையாம்.”

செல்வி அக்கா பதில் ஒன்றும் சொல்லவில்லை. தன் வடையைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்க மறுத்துக்கொண்டிருப்பவர் என்பது எங்களுக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியாது. கடைசியில் அந்த மனிதர் இரண்டு வடைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இதைப் பெரிய நல்லிணக்கக் கதையாக நான் எழுதவில்லை. அவர் அடுத்த ஆளுக்கு வடை போடத் திரும்பிவிட்டார், நாங்களும் வந்துவிட்டோம். அவ்வளவுதான்.

ஆறு மணி கழிந்ததும் சூரியன் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் மகேஸ்வரியம்மா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். “எங்கட கடலில சூரியன் வாறது. இங்க கடலுக்குள்ள போகுது.” முல்லைத்தீவு கிழக்குக் கரை, கொழும்பு மேற்குக் கரை. வரைபடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால் அந்த 14 பேரில் பெரும்பாலானோர் கடலில் சூரியன் மறைவதை அன்றுதான் முதன்முதல் பார்த்தார்கள். எல்லோரும் இரும்புக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். செல்வி அக்காவும் வந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

சூரியன் பாதி இறங்கியிருந்தபோது ஒரு பெரிய அலை வந்து சுவரில் அடித்தது. முழுத் தண்ணீரும் எங்கள் மேல். செல்வி அக்காவின் கையில் மிச்சமிருந்த வடை ஊறிப்போனது. அவர் அந்த வடையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் படம் எடுத்தேன்.

ஊருக்குத் திரும்பி அறிக்கையுடன் அந்தப் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாளில் அது நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் வந்தது. போரால் பாதிக்கப்பட்ட பெண்கள் கொழும்பில் மகிழ்ச்சியான சுற்றுலாவில் என்று கீழே எழுதியிருந்தார்கள். அன்றிரவே அது செல்வி அக்காவின் ஊரில் வட்ஸ்அப்பில் சுற்றியது. கணவரின் தமக்கையார் தொலைபேசியில் கூப்பிட்டு, “என்ர தம்பியைத் தேடுறன் எண்டு பந்தலில குந்திக்கொண்டு இருக்கிறவ, கொழும்பில பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாவோ?” என்று கேட்டிருக்கிறார். பந்தலிலும் ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். எனக்குச் செய்தி கிடைத்ததும் படத்தை நீக்கச் செய்தேன். நீக்கி என்ன, படம் போகுமிடமெல்லாம் போய்விட்டது.

இரண்டு மாதம் அவர் குழுக் கூட்டத்திற்கு வரவில்லை. பெட்டி இழைத்து மகனிடம் கொடுத்து அனுப்புவார். மூன்றாம் மாதம் நான் வீட்டுக்குப் போனேன். குறுக்குக்கட்டுடன் கிணற்றடியில் நின்றவர், என்னைக் கண்டதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து தேநீர் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்பது எளிதாக இருக்கவில்லை. பெண்களின் சம்மதம் பற்றி நானே எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன்.

“படம் எடுத்ததுக்கு நான் கோவிக்கேல்லை. போட முதல் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்” என்றார்.

சிறிது நேரம் கழித்து, “பதினாலு வருசமாய் நான் அழுகிற படம் எத்தினை பேப்பரில வந்தது, தெரியுமோ? அதுக்கும் ஒருத்தரும் கேட்கேல்லை. ஆனால் அதுக்கு ஊரில ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை” என்றார்.

நான் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. படலை வரை கூட வந்தவர், கையில் இரண்டு பெட்டிகளைத் தந்து, கணக்கில் எழுதச் சொன்னார். பிறகு, “இனியும் கொழும்புக் கண்காட்சி வருமோ?” என்று கேட்டார்.

“வரும் அக்கா.”

“படம் எடுக்காட்டி நான் வாறன்.”

அடுத்த கண்காட்சி 2024இல் வந்தது. செல்வி அக்கா வந்தார். மீண்டும் 100ஆம் இலக்க பஸ், மீண்டும் அதே கைபிடி. மகேஸ்வரியம்மா இம்முறை வீட்டிலிருந்தே நந்திக்கடல் இறாலைப் பொரித்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார். களப்பயண அறிக்கைக்குப் படம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லி, போய்வந்த பஸ் ரிக்கற்றுகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன்.